பளபளக்குது பீங்கான்... பத்திரமா இருக்கீங்களா?

பொங்கலுக்கு வீடு கழுவுகிற சமயம். வாஷ்பேசினில் படிந்த கறை எவ்வளவு தேய்த்தும் போகவில்லை என்று என் அத்தை ஆசிட்டை ஊற்றினார். அப்படியும் போகலை. 'இதையும் போட்டுப் பார்ப்போமே' என்று பிளீச்சிங் பவுடரை ஒரு கை அள்ளிப் போட்டார். அவ்வளவுதான்! குப்பென்று ஒரு நெடி. கண் எரிச்சல், விடாத இருமல். கதவைத் திறந்துகொண்டு வெளியே ஓடி வந்ததால் தப்பித்தார். அன்று ராத்திரி முழுக்க ஆஸ்பத்திரியில் ஆக்சிஜன் வைத்திருந்தார்கள்.

அந்த நெடி, குளோரின் வாயு. 1915-ல் முதல் உலகப் போரில் பெல்ஜியத்தின் ஈப்ரே நகரத்துக்குப் பக்கத்தில் ஜெர்மன் படை எதிரிகள் மீது திறந்துவிட்டதே, அதே வாயுதான். ஆசிட்டும் பிளீச்சும் சேர்ந்தால் அது கிளம்பும். வினிகர், எலுமிச்சைச் சாறு எல்லாமும் ஆசிட் வகைதான் என்பதை மறந்துவிடாதீங்க. அமோனியா கலந்த கண்ணாடி துடைக்கிற திரவத்தோடு பிளீச் சேர்ந்தால் வேறொரு விஷவாயு வரும். அதனால் ஒரு சமயத்தில் ஒரே ஒரு பொருள்தான். தவறிக் கலந்துவிட்டால் கழுவிவிடலாம் என்று அங்கேயே நிற்காதீங்க. உடனே காற்றோட்டமான இடத்துக்கு வந்துவிடுங்கள். கண்ணில் பட்டிருந்தால் குழாய்த் தண்ணீரில் 15 நிமிஷமாவது கழுவணும். மூச்சுத்திணறல் சில மணி நேரம் கழித்துக்கூட வரலாம். 'இப்ப சரியாயிடுச்சே' என்று டாக்டரிடம் போகாமல் இருக்கக் கூடாது.

சரி, அந்தக் கறைதான் என்ன? பெரும்பாலும் அது பீங்கானின் குற்றமே இல்லை, போர்வெல் தண்ணீரின் உப்பு! பீங்கானின் மேல்பூச்சு கிட்டத்தட்ட கண்ணாடி. தண்ணீரில் இருக்கும் கால்சியம், மெக்னீசியம் உப்புகள் அதன்மேல் ஒட்டிக் காய்ந்து வெள்ளைப் படலமாகின்றன. அரை லிட்டர் வெந்நீரில் இரண்டு மேஜைக்கரண்டி எலுமிச்சை உப்பைக் கரைத்து, பழைய துணியை அதில் நனைத்து, கறைமேல் அரைமணி போர்த்தி வையுங்கள். அப்புறம் மெதுவாகத் தேய்த்தாலே போதும். செங்காவி நிறத்தில் கோடு விழுந்திருந்தால் அது இரும்புத் துரு. அதற்கும் இதே வைத்தியம்தான். பிளீச் அதைப் போக்காது. குழாயின் பளபளப்பிலும் டைல்ஸ் இடுக்கு சிமெண்டிலும் இந்தத் தண்ணீர் ரொம்ப நேரம் நிற்க வேண்டாம். கம்பி நாரை மட்டும் தொடவே தொடாதீங்க. மேல்பூச்சில் கீறல் விழுந்தால் அப்புறம் அழுக்கு அதில் குடியேறிவிடும்.

சமையல் மேடை டைல்ஸில் மஞ்சள்தூள் கறையா? சோப்பைப் போட்டதும் சிவப்பாக மாறுகிறதே என்று பதற வேண்டாம். மஞ்சளோடு சுண்ணாம்பு சேர்ந்தால் குங்குமச் சிவப்பாகிற அதே சமாசாரம்தான். நன்றாக அலசிவிட்டு வெயில் படும்படி விட்டால் மெல்ல மெல்ல வெளுத்துவிடும்.

இனி புதுசாக வாங்கப் போகிறவர்களுக்கு. கடைக்காரர் எல்லாவற்றையும் 'விட்ரிஃபைட்' என்பார். தண்ணீரை எவ்வளவு உறிஞ்சுகிறது என்பதில்தான் விஷயமே இருக்கிறது. நிஜமான பீங்கான் டைல்ஸ் தன் எடையில் 0.5 சதவிகிதத்துக்கு மேல் தண்ணீர் குடிக்காது. சுவரில் ஒட்டும் சாதாரண டைல்ஸ் 10 சதவிகிதத்துக்கு மேலேயே குடிக்கும். டைல்ஸைத் திருப்பிப் போட்டு முதுகில் நாலு சொட்டுத் தண்ணீர் விட்டுப் பாருங்கள். சட்டென்று இழுத்துக்கொண்டால் அது சுவருக்குத்தான் லாயக்கு.

வீட்டில் வயசானவர்கள் இருக்கிறார்களா? அப்படியானால் பளபளப்புக்கு ஆசைப்படாதீங்க. பாத்ரூமில் ஒருமுறை வழுக்கி விழுந்து இடுப்பெலும்பு முறிந்தால், அதற்கப்புறம் பழையபடி நடமாட முடியாமல் போகிறவர்கள் நிறையப் பேர். டைல்ஸ் அட்டைப்பெட்டியில் ஆர்-9, ஆர்-10 என்று ஓர் எண் இருக்கும். எண் கூடக்கூட வழுக்கல் குறையும். ஈரமான தரைக்கு ஆர்-10, ஆர்-11 பார்த்து வாங்குங்கள். எண் இல்லையென்றால் கடையிலேயே டைல்ஸ்மேல் சோப்புத் தண்ணீர் ஊற்றி, காலால் தேய்த்துப் பாருங்கள். கடைக்காரர் முறைத்தால் முறைக்கட்டும்! ஏற்கெனவே வழவழ தரை போட்டுவிட்டீர்களா? க்ளாசெட் பக்கத்தில் கைப்பிடி பொருத்துங்கள். சோப்புத் தண்ணீர் தேங்காமல் பார்த்துக்கொள்ளுங்கள்.

டைல்ஸை வழக்கம்போல சிமெண்ட் பாலில் ஒட்டுவதும் பிரச்னைதான். தண்ணீரே குடிக்காத டைல்ஸில் சிமெண்ட் சரியாகப் பிடிப்பதில்லை. அதற்கென்று விற்கிற பசைதான் வேண்டும். சுவரோரமும் இடுக்கு விடச் சொல்லுங்கள். இல்லாவிட்டால் வெயில் காலத்தில் டைல்ஸ் விரிந்து, ஒன்றையொன்று நெருக்கி, டப்பென்று கூடாரம் மாதிரி எழும்பி நிற்கும். ஒரு ரூபாய் நாணயத்தால் தட்டிப் பாருங்கள். 'டொக் டொக்' என்று வெற்றுச் சத்தம் கேட்டால் கீழே பிடிப்பு இல்லை.

முக்கியமாக, விரிசல் விட்ட க்ளாசெட்! விரிசல்மேல் இங்க் தடவித் துடையுங்கள். சிலந்தி வலை மாதிரி மெல்லிய கோடுகள் மட்டும் தெரிந்தால் மேல்பூச்சுதான் வெடித்திருக்கிறது. ஒரே நீளக் கோடாக இருந்தாலோ, அங்கே தண்ணீர் கசிந்தாலோ அதில் உட்காரவே கூடாது. ஒயிட் சிமெண்ட் பூசிச் சமாளிப்பதும் வேண்டாம். உடைந்த பீங்கான் கத்திமாதிரி ஆழமாகக் கிழித்துவிடும். வெஸ்டர்ன் க்ளாசெட் மேல் ஏறிக் குத்தவைக்கிற பழக்கம் வீட்டில் யாருக்காவது இருந்தால் இன்றைக்கே நிறுத்தச் சொல்லுங்கள். இரண்டு கால் வைக்க, முன்னால் ஒரு சின்ன முக்காலி போட்டுக் கொடுத்தால் அவர்களுக்கும் வசதியாகிவிடும்.

டைல்ஸ் வாங்கும்போது ஒரு பெட்டி கூடுதலாக வாங்கிப் பரணில் போட்டுவிடுங்கள். பெட்டியில் அச்சடித்திருக்கும் ஷேட் நம்பரை வெட்டியெடுத்து பில்லோடு சேர்த்துப் பின் போட்டு வையுங்கள். இரண்டு வருஷம் கழித்து ஒரே ஒரு டைல்ஸ் உடைந்து, அதே நிறம் தேடிக் கடை கடையாக அலைந்தவர்களைக் கேட்டுப் பாருங்கள், தெரியும்!