சாவியைக் கடைசியில் திருப்புங்கள்!

ஓடும் கார்தான் தேயும், நிறுத்தி வைத்த கார் அப்படியே இருக்கும் என்று பலர் நினைக்கின்றனர். முப்பது ஆண்டுகள் கொட்டகையில் கிடந்த காரைப் பார்த்தால் அந்த எண்ணம் மாறிவிடும். உராய்வு நின்றாலும் வேதிவினைகள் நிற்பதில்லை.

எம்.ஜி.பி. காரை எடுத்துக்கொள்வோம். இங்கிலாந்தின் அபிங்டன் நகரில் 1962 முதல் 1980 வரை தயாரிக்கப்பட்டது. கூரையை மடித்துவிட்டுத் திறந்தபடி ஓட்டலாம். நான்கு சிலிண்டர், 1798 சிசி எஞ்சின். பழைய கார் பிரியர்கள் இன்றும் இவற்றைக் கொட்டகைகளிலிருந்து மீட்டு ஓடவைக்கின்றனர்.

புதிய பேட்டரியைப் பொருத்தியதும் சாவியைத் திருப்பிப் பார்க்க யாருக்கும் ஆசை வரும். அங்கேதான் ஆபத்து. சிலிண்டர் சுவரில் இருந்த எண்ணெய்ப் படலம் எப்போதோ வடிந்து போயிருக்கும். எஞ்சின் எந்த நிலையில் நின்றிருந்தாலும் ஏதாவது ஒரு சிலிண்டரின் வால்வு திறந்திருக்கும். அதன் வழியே ஈரக்காற்று நுழையும். குளிர்ந்த இரவுகளில் அதிலுள்ள நீராவி துளிகளாகப் படியும். வார்ப்பிரும்புச் சுவர் துருப்பிடித்து பிஸ்டன் வளையங்களை இறுகப் பற்றிக்கொள்ளும். இந்த நிலையில் ஸ்டார்ட்டர் மோட்டார் முழு விசையுடன் சுழற்றினால் வளையம் உடையலாம், சுவர் கீறப்படலாம். முப்பது ஆண்டுகள் தாங்கிய எஞ்சின் சில நொடிகளில் பாழாகும்.

ஆகவே, முதலில் நான்கு ஸ்பார்க் பிளக்குகளையும் கழற்றி, ஒவ்வொரு துளையிலும் சிறிது எண்ணெய் விட்டுச் சில நாள் காத்திருக்க வேண்டும். பிறகு ஸ்பேனரால் எஞ்சினைக் கையாலேயே மெல்லச் சுழற்ற வேண்டும். தடையின்றிச் சுழன்றால், பிளக்குகள் இல்லாமலேயே ஸ்டார்ட்டரை இயக்கலாம். துளைகள் திறந்திருப்பதால் காற்று அழுத்தப்படாது. உலர்ந்த பாகங்களின் மீது சுமை குறையும். எண்ணெய் அழுத்தமானியின் முள் உயர்ந்த பிறகே பிளக்குகளை மாட்ட வேண்டும்.

தொட்டியில் மிஞ்சிய பெட்ரோலை நம்ப வேண்டாம். எளிதில் ஆவியாகும் பகுதி போய்விட, எஞ்சியது ஆக்சிஜனுடன் வினைபுரிந்து பிசினாகி, கார்புரேட்டரின் நுண்துளைகளை அடைத்துவிடும். பேட்டரி இணைப்பிலும் கவனம் தேவை: 1967 வரை வந்த எம்.ஜி.பி. கார்களில் நேர்முனைதான் காரின் உடலோடு இணைக்கப்பட்டிருந்தது, இன்றைய வழக்கத்துக்கு நேர்மாறாக!

எஞ்சினைவிட எனக்கு முக்கியமாகப் படுவது காரின் உடல். எம்.ஜி.பி.க்குத் தனிச் சட்டகம் கிடையாது. தகடுகளால் ஆன உடலே சுமையைத் தாங்குகிறது. சாதாரணக் காரில் கூரையும் அந்த வேலையில் பங்கேற்கும். மூடியில்லாத அட்டைப் பெட்டியை முறுக்கிப் பாருங்கள், எளிதில் வளையும். திறந்த காரும் அப்படித்தான். அதனால் கதவுகளுக்குக் கீழே நீளவாக்கில் ஓடும் பெட்டி வடிவப் பகுதிகள் பெரும் சுமையைச் சுமக்கின்றன. அவை உள்ளிருந்து துருப்பிடிப்பதால் வெளியே பெயிண்ட் பளபளப்பாகவே தெரியலாம். ஜாக் வைத்துத் தூக்கும்போது கதவின் இடைவெளி மாறினால் அந்தப் பகுதி வலுவிழந்துவிட்டது என்று பொருள். அதை வெட்டி மாற்றுமுன் கதவு வாசலின் குறுக்கே இரும்புக் கம்பியைப் பற்றவைத்துத் தாங்கல் கொடுப்பார்கள். இல்லாவிட்டால் கார் நடுவில் தொய்ந்துவிடும். பிறகு கதவு மூடாது.

எஞ்சின் இயங்கினாலும் உடனே சாலைக்குப் போகக்கூடாது. பிரேக் திரவம் காற்றிலுள்ள ஈரத்தை உறிஞ்சும் தன்மையுடையது. டாட் 4 வகைத் திரவம் புதிதாக இருக்கும்போது குறைந்தது 230 பாகை செல்சியஸில்தான் கொதிக்கும். அதில் 3.7 விழுக்காடு நீர் கலந்தால் கொதிநிலை 155 பாகை வரை இறங்கலாம். இறக்கத்தில் பிரேக் சூடேறி திரவம் கொதித்தால் ஆவிக்குமிழ்கள் உண்டாகும். திரவத்தைப் போலன்றி ஆவி எளிதில் அமுங்கும். மிதித்த மிதி தரையைத் தொடும், கார் நிற்காது. ஓசோன் பட்டு வெடித்த ரப்பர் குழாய்களும் டயர்களும் இதே அளவு ஆபத்தானவை. டயரின் பூ தேயாமல் இருந்தாலும் பக்கச்சுவரில் வெடிப்பு தெரிந்தால் மாற்றித்தான் ஆகவேண்டும்.

மடக்குக் கூரையை மட்டும் வெயில் நாளுக்கு ஒத்திப்போடுங்கள். நெகிழ்வூட்டும் பொருளை இழந்த பழைய வினைல் குளிரில் விறைத்திருக்கும். அப்போது மடித்தால் மடிப்பிலேயே கிழியும்.