வெள்ளம் கறுப்பாகத்தான் தெரியுமா?

2021 டிசம்பர் 18. கிள்ளான் பள்ளத்தாக்கில் விடாத மழை. ஷா ஆலாமில், கிள்ளான் ஆற்றையொட்டித் தாழ்வாக அமைந்த தாமான் ஸ்ரீ மூடாவில் மக்கள் மாடியிலும் கூரையிலும் படகுக்காகக் காத்திருந்தார்கள். எந்தெந்தச் சாலை மூழ்கியது என்று வானத்திலிருந்து பார்த்துச் சொல்ல முடியாதா? முடியும். ஆனால் வீடுகள் நெருங்கிய இடத்தில்தான் அது மிகவும் கடினம்.

சாதாரணச் செயற்கைக்கோள் படம் மழைநாளில் மேகத்தை மட்டுமே காட்டும். ரேடார் அப்படியல்ல. ஐரோப்பிய விண்வெளி நிறுவனத்தின் சென்டினல்-1 தானே நுண்ணலைகளை அனுப்பி, திரும்பி வருவதை அளக்கிறது. அலைநீளம் சுமார் 5.6 சென்டிமீட்டர். மேகமும் இருளும் அதற்குத் தடையில்லை.

இருட்டில் கண்ணாடி மீது சாய்வாக டார்ச் அடித்துப் பாருங்கள். ஒளி எதிர்ப்பக்கம் போய்விடும். உங்களுக்குக் கண்ணாடி கறுப்பாகவே தெரியும். அமைதியான நீர்ப்பரப்பும் ரேடாருக்கு அப்படித்தான். ஆகவே வயலில், திடலில் வெள்ளத்தைக் கண்டுபிடிப்பது எளிது: முன்பு வெளிறியிருந்து இப்போது கறுத்த இடமெல்லாம் நீர். (வழவழப்பான விமான ஓடுபாதையும் எப்போதும் கறுப்புதான். அதனால்தான் வெள்ளத்துக்கு முந்தைய படமும் வேண்டும்.)

இனி மேருவில் ஒரு வீடமைப்புப் பகுதியை எண்ணிக்கொள்ளுங்கள். அங்குள்ள சாலையில் நீர் ஏறுகிறது. சாய்வாக வரும் அலை நீரில் பட்டு வீட்டுச் சுவரில் மோதி, வந்த வழியே செயற்கைக்கோளுக்குத் திரும்புகிறது. இது இரட்டைத் தெறிப்பு. மூழ்கிய தெரு கறுப்பதற்குப் பதிலாக முன்னைவிடப் பளிச்சிடலாம்! "கறுப்பு என்றால் நீர்" என்ற விதியை மட்டும் நம்பும் கணினி, ஆட்கள் சிக்கியிருக்கும் அந்தத் தெருவையே உலர்ந்தது என்று குறித்துவிடும். போதாக்குறைக்கு, படத்தின் ஒரு புள்ளி ஏறத்தாழ 10 மீட்டர். நம் இணைப்பு வீடுகளின் அகலமோ பெரும்பாலும் 6, 7 மீட்டர்தான். செம்பனைத் தோட்டமும் ஏமாற்றும்: இந்த அலையில் பெரும்பகுதி ஓலைகளிலேயே சிதறிவிடுவதால் அடியில் நிற்கும் நீர் தெரிவதில்லை.

ஆழ்கற்றல் இங்கேதான் கைகொடுக்கிறது. 2015-இல் மருத்துவப் படங்களுக்காக உருவான யூ-நெட் என்னும் வலையமைப்பு, ஒரு புள்ளியைத் தனியாகப் பார்ப்பதில்லை. அதன் அக்கம்பக்கத்தையும் சேர்த்துப் பார்க்கிறது. வெள்ளத்துக்கு முன்னும் பின்னும் எடுத்த படங்களோடு இன்னொன்றையும் அதற்குக் கொடுக்கலாம். கட்டடம் நகராது; ஆகவே வெவ்வேறு நாட்களில் அங்கிருந்து திரும்பும் அலைகள் ஒத்துப்போகும். இடையில் நீர் புகுந்தால் அந்த ஒத்திசைவு குலையும். நகர வெள்ளத்துக்கு வெளிச்சத்தைவிட இதுவே நம்பகமான தடயம் என்பது என் கருத்து.

ஆனால் கணினிக்குப் பாடம் சொல்ல விடைத்தாள் வேண்டும். 2020-இல் வெளியான சென்1ஃபிளட்ஸ்11 என்ற தொகுப்பில் 11 வெள்ளங்களின் படங்கள் உள்ளன. அவற்றில் மனிதர் கையால் குறித்தவை 446. வேற்று நாட்டு வயல்வெளிகளில் பயின்ற கணினி, நம் இணைப்பு வீடுகளை முதன்முறை பார்த்தால் தடுமாறத்தான் செய்யும். நம் ஊர்ப் படங்களை, எந்தத் தெருவில் எவ்வளவு நீர் நின்றது என்று அறிந்தவர்களே குறித்துக் கொடுக்க வேண்டியிருக்கிறது.

எடுக்காத படத்தைக் கணினியாலும் படிக்க முடியாது. ஒரு சென்டினல்-1 அதே பாதைக்குத் திரும்ப 12 நாள். இரண்டு இருந்தால் 6. ஸ்ரீ மூடா மூழ்கிய ஐந்தாம் நாள், டிசம்பர் 23 அன்று, மின்கோளாறால் சென்டினல்-1பி படமெடுப்பதை நிறுத்தியது. அடுத்ததான சென்டினல்-1சி விண்ணுக்குச் சென்றது 2024 டிசம்பரில்.