டெவில் சட்னி: தங்கவயல் கிறிஸ்துமஸ் விருந்துக்கு ஒரு கிஸ்மிஸ் தொடுகறி

டெவில் சட்னி அடுப்பில் ஏறாத சட்னி. கிஸ்மிஸ், வெங்காயம், மிளகாய், வினிகர், சர்க்கரை, உப்பு ஆகிய ஆறும் பச்சையாகவே அரைபட்டு, இரண்டு மணி நேரம் ஊறியபின் தட்டின் ஓரத்தில் ஒரு கரண்டியாக வந்து அமரும். தாளிப்பு கிடையாது, எண்ணெய் ஒரு சொட்டும் வேண்டாம். கோலார் தங்கவயலின் ஆங்கிலோ இந்திய வீடுகளில் ஞாயிற்றுக்கிழமை மதியச் சாப்பாட்டிலும் பண்டிகை விருந்திலும் மஞ்சள் தேங்காய்ச் சோறு, உருண்டைக் கறி ஆகிய இரண்டுக்கும் துணையாக இது வைக்கப்படும். அந்த உருண்டைக் கறிக்கு அங்கே ‘பால் கறி’ என்று பெயர். பந்து என்ற பொருளில் வரும் ஆங்கிலச் சொல் அது. மாட்டுப்பாலுக்கும் அதற்கும் தொடர்பில்லை. கொத்துக்கறியை உருட்டிக் குழம்பில் வேக வைப்பது.

இந்த மூன்றும் ஒன்றாகப் பரிமாறப்படுவதற்குக் காரணம் உண்டு. தேங்காய்ப்பாலில் வெந்த சோறு கொழுப்பும் இனிப்பும் கூடியது. உருண்டைக் கறியோ மசாலாவும் கொழுப்பும் சேர்ந்த கனமான குழம்பு. நான்கு வாய் சாப்பிட்டதும் நாக்கு சலித்துவிடும். புளிப்பும் காரமும் இனிப்பும் ஒரே நேரத்தில் தாக்கும் ஒரு தொடுகறி அந்தச் சலிப்பை வெட்டி, அடுத்த வாய்க்கு நாக்கைத் தயாராக்குகிறது. நம் விருந்துகளில் இஞ்சிப் பச்சடியும் மாங்காய்ப் பச்சடியும் செய்கிற வேலையைத்தான் இங்கே இது செய்கிறது. பெயர் காரத்தால் வந்தது. சுள்ளென்று காரம் சேர்த்த பண்டத்தை ஆங்கிலச் சமையலில் ‘டெவில்’ சேர்த்துச் சொல்லும் வழக்கம் பழையது. இலங்கைக் கடைகளில் கிடைக்கும் ‘டெவல்’ வகைகளும் அதே சொல்லின் வழிதான்.

1880-இல் ஜான் டெய்லர் அண்ட் சன்ஸ் நிறுவனம் இங்கே சுரங்க வேலையைக் கையில் எடுத்த பிறகு உருவான ஊர் தங்கவயல். மேலே ஆங்கிலேய அதிகாரிகள், இயந்திரங்களையும் அலுவலகங்களையும் கவனித்த ஆங்கிலோ இந்தியர்கள், பூமிக்கடியில் இறங்கி உடைத்த வட ஆர்க்காடு, சேலம் பக்கத்துத் தமிழர்கள் என்று அடுக்கடுக்காக அமைந்த ஊர். சாம்பியன் ரீஃப், உரிகாம், மாரிகுப்பம் என்று சுரங்கத்தை ஒட்டியே குடியிருப்புகள் எழுந்தன. 2001 பிப்ரவரி 28 அன்று சுரங்கம் மூடப்பட்டது. ஆங்கிலோ இந்தியக் குடும்பங்களில் பல அதற்கு முன்பே பெங்களூருக்கும் ஆஸ்திரேலியாவுக்கும் இங்கிலாந்துக்கும் போய்விட்டன. சட்னியும் அவர்களோடு போனது. தங்கவயலில் பிறந்து வளர்ந்த பிரிட்ஜெட் ஒயிட்-குமார் ஆங்கிலோ இந்தியச் சமையலைப் புத்தகங்களாக எழுதி வைத்ததால் இதன் செய்முறையும் வீட்டுக்கு வெளியே தெரியவந்தது.

ஆறு பேர் முதல் எட்டுப் பேர் வரைக்கான அளவு இது: உரித்த பெரிய வெங்காயம் 200 கிராம், கிஸ்மிஸ் 50 கிராம், பேடகி மிளகாய் 6, குண்டூர் மிளகாய் 1, வினிகர் 60 மில்லி, சர்க்கரை 2 தேக்கரண்டி, உப்பு முக்கால் தேக்கரண்டி. கிஸ்மிஸை ஒரு தேக்கரண்டியோடு நிறுத்திக்கொள்ளும் வீடுகளும், அறவே விட்டுவிடும் வீடுகளும் உண்டு. வாரநாள் சாப்பாட்டுக்கு அது சரி. விருந்து என்றால் கைப்பிடி நிறையப் போட வேண்டும். இனிப்போடு சட்னிக்கு உடம்பையும் தருவது கிஸ்மிஸ்தான். அது இல்லாமல் அரைத்தால் வெங்காயமும் வினிகரும் தட்டில் நீர்த்து ஓடும். சோற்றின் அடியில் போய் ஒளிந்துகொள்ளும்.

கிஸ்மிஸ் வாங்கும்போது நிறத்தைப் பார்க்க வேண்டும். கர்நாடகத்தில் விஜயபுரா பக்கம் விதையில்லாத் திராட்சையை உலர்த்திப் பெருமளவில் கிஸ்மிஸ் தயாரிக்கிறார்கள். பொன்னிறக் கிஸ்மிஸ் போட்டால் சட்னியின் சிவப்பு எடுப்பாக நிற்கும். கறுப்புத் திராட்சை சுவையில் குறைந்ததல்ல, ஆனால் சட்னி செங்கல் நிறத்துக்கு இறங்கிவிடும். எதுவானாலும் விரலால் நசுக்கினால் மெத்தென்று இருக்க வேண்டும். கல்லாக இறுகிக் கிடப்பது பழைய சரக்கு.

வெங்காயம் சிவப்பாக இருந்தே ஆக வேண்டும். கோலார், சிக்கபள்ளாப்பூர் மாவட்டங்களில் விளையும் பெங்களூரு ரோஸ் வெங்காயம் கிடைத்தால் அதைவிடப் பொருத்தமானது இல்லை. சிறியது, அடர்ந்த ரோஜா நிறம், நல்ல காரம். புவிசார் குறியீடு பெற்றது. பெரும்பகுதி ஏற்றுமதியாகிவிடுவதால் எல்லாச் சந்தையிலும் கிடைக்காது. அப்போது தோல் அடர்சிவப்பாக உள்ள சாதாரணப் பெரிய வெங்காயமே போதும். வெள்ளை வெங்காயம் வேண்டாம். சிவப்பு வெங்காயத்தின் நிறமி புளிப்பு பட்டால் பளிச்சென்று இளஞ்சிவப்பாக மாறும். நறுக்கிய துண்டின்மேல் இரண்டு சொட்டு வினிகர் விட்டுச் சற்றுப் பொறுத்தால் ஊதா சாயல் கரைந்து ரோஜா நிறம் பரவுவதைக் கண்ணாலேயே காணலாம். சட்னியின் நிறத்தில் பாதி இப்படி வருவது. மீதிப் பாதி பேடகி மிளகாயுடையது. சுருக்கம் விழுந்த நீள மிளகாய் அது. நிறம் அதிகம், காரம் குறைவு. காரத்துக்கென்றுதான் குண்டூர் மிளகாய் ஒன்று. குழந்தைகள் சாப்பிடுவதென்றால் அதை விட்டுவிடலாம்.

வினிகரைப் பொறுத்தவரை, மளிகைக் கடை வெள்ளை வினிகர் பெரும்பாலும் அசிட்டிக் அமிலத்தைத் தண்ணீரில் 4 முதல் 5 சதவீதம் கலந்தது. வேலைக்கு ஆகும். கள்ளில் புளித்த காடி கிடைத்தால் வாசம் இன்னும் நன்றாக இருக்கும்.

வேலை ஊற வைப்பதில் தொடங்குகிறது. கிஸ்மிஸின் காம்புகளைக் கிள்ளி எடுத்து, வெதுவெதுப்பான தண்ணீரில் இருமுறை அலசி, துணியில் பரப்பி ஈரம் போக்க வேண்டும். மிளகாயின் காம்பை நீக்கிக் கிழித்து, விதைகளைத் தட்டி உதறிவிட வேண்டும். விதை தங்கினால் அரைத்த பிறகும் பல்லில் நெருடும். இரண்டையும் கண்ணாடி அல்லது பீங்கான் கிண்ணத்தில் போட்டு, கை பொறுக்கும் சூட்டில் வினிகரை ஊற்றி, கரண்டியால் அழுத்தி மூடி வைக்க வேண்டும். வினிகரைக் கொதிக்க விடக் கூடாது. அதன் நெடி வீட்டையே இருமச் செய்துவிடும். அலுமினியம், பித்தளை, செம்புப் பாத்திரங்களும் ஆகாது. புளிப்பு அவற்றை அரித்து உலோகச் சுவையைச் சட்னிக்குள் இறக்கிவிடும். 40 நிமிடத்தில் கிஸ்மிஸ் உப்பிப் பளபளக்கும், மிளகாய் விரலுக்கு வளைந்து கொடுக்கும்.

அது ஊறும்போதே வெங்காயத்தைக் கவனிக்கலாம். பெரிய துண்டுகளாக நறுக்கி, சொன்ன உப்பில் பாதியைத் தூவிப் பிசறிப் பத்து நிமிடம் வைத்தால் அடியில் தண்ணீர் கோக்கும். அதை வடித்துவிட வேண்டும். பச்சை வெங்காயத்தின் கடுமையில் ஒரு பங்கு அந்தத் தண்ணீரோடு போய்விடும், சட்னியும் நீர்க்காது. இந்தச் சட்னிக்கு ஈரம் வினிகர் மட்டுமே. அரைக்கும்போது தண்ணீர் ஊற்றினால் சுவையும் கெடும், தாங்கும் நாளும் குறையும்.

மிக்ஸியின் சின்ன ஜாரில் முதலில் ஊறிய மிளகாயும் சர்க்கரையும் போக வேண்டும். சர்க்கரைப் பரல்கள் மிளகாய்த் தோலைத் தேய்த்து நைய வைக்கும். ஊறின வினிகரில் இரண்டு தேக்கரண்டி மட்டும் விட்டு விழுதாக்கிய பிறகு கிஸ்மிஸைச் சேர்த்து மறுபடி ஓட்டலாம். அது ஜாரின் ஓரத்தில் அப்பிக்கொள்ளும். இரண்டு மூன்று முறை நிறுத்தி வழித்துவிடத்தான் வேண்டும். கடைசியில் வெங்காயமும் மீதி வினிகரும். இங்கே அவசரம் கூடாது. சுவிட்சைத் தொட்டுத் தொட்டு எடுப்பதுபோல விட்டுவிட்டு ஐந்தாறு சுற்று, அவ்வளவே. வெங்காயத்தின் செல்கள் உடையும்போது உள்ளிருக்கும் நொதி கண்ணைக் கரிக்கும் பொருள்களை உண்டாக்குகிறது. தொடர்ந்து ஓட்டினால் அவை பெருகுவதோடு சூடும் ஏறி, சட்னி கசந்துவிடும். ரவை பதத்துக்குச் சற்று மென்மையாக, கரண்டியில் எடுத்தால் குவிந்து நிற்கும்படி இருந்தால் பதம் சரி.

அம்மி இருக்கும் வீட்டில் அம்மியே மேல். சூடு ஏறாது, கசப்பு பற்றிய பயம் இல்லை. வரிசை அதேதான்: மிளகாயைச் சர்க்கரையோடு நுணுக்கி, கிஸ்மிஸை வைத்து இழுத்து, வெங்காயத்தைக் கடைசியில் தட்டி இரண்டு இழுப்பு. கிஸ்மிஸ் குழவியில் ஒட்டிக்கொண்டு வர மறுக்கும். விரலை வினிகரில் நனைத்துத் தடவினால் விட்டுவிடும்.

அரைத்த கையோடு ருசி பார்த்தால் ஏமாற்றமாகத்தான் இருக்கும். வெங்காயம் நாக்கைக் கடிக்கும், வினிகர் தனியே தெரியும், இனிப்பு எங்கே என்று தேட வேண்டியிருக்கும். பலர் தவறுவது இங்கேதான். உடனே சர்க்கரையை அள்ளிப் போடுகிறார்கள். விருந்து நேரத்தில் அது ஜாம் மாதிரி தித்திக்கிறது. ஒன்றும் சேர்க்காமல் மூடி இரண்டு மணி நேரம் வைக்க வேண்டும். கிஸ்மிஸின் இனிப்பு மெல்ல வெளியே வரும், புளிப்பு வெங்காயத்தின் பச்சைத்தன்மையை அடக்கும், நிறமும் ஊதா கலந்த மங்கலிலிருந்து மாதுளைச் சிவப்புக்குத் திரும்பும். மீதி உப்பைப் போட்டுக் கலக்கித் திருத்த வேண்டியது அதற்குப் பிறகுதான். காரம் மிஞ்சியிருந்தால் இன்னும் பத்துக் கிஸ்மிஸை ஊற வைத்து அரைத்துச் சேர்க்கலாம். வெறும் சர்க்கரை காரத்தை அவ்வளவு அடக்காது. நீர்த்திருந்தாலும் மருந்து அதே கிஸ்மிஸ்தான். புளிப்பு கூடியிருந்தால் மட்டும் சர்க்கரை. கசந்துபோனால் முழுதாகச் சரிசெய்ய வழியில்லை. இன்னொரு மணி நேரம் ஊறினால் ஓரளவு தணியும்.

கிறிஸ்துமஸ் மதிய விருந்துக்கு, காலையில் சோற்றுக்குத் தேங்காய் துருவ உட்காரும் முன்பே இதை அரைத்து மூடிவிடுவது வசதி. நள்ளிரவுத் திருப்பலி முடிந்து வந்து தூங்கி எழும் வீடுகளில் முந்தின நாள் மாலையே அரைத்துக் குளிர்பெட்டியில் வைத்துவிடலாம். பரிமாறுவதற்கு அரைமணி முன்னால் வெளியே எடுத்தால் போதும். தங்கவயல் ஏறக்குறைய 850 மீட்டர் உயரத்தில் இருக்கிறது, டிசம்பர் இரவு நன்றாகவே குளிரும். என்றாலும் அந்தக் குளிரை நம்பிச் சட்னியை ராத்திரி முழுவதும் மேடையில் விடுவது நல்லதல்ல. வெங்காயம் பச்சையாக இருக்கும் பண்டம் இது, ஊறுகாய் அல்ல.

ஈஸ்டர் விருந்துக்குச் செய்வதானால் பருவம் வேறு. அப்போது கோலார் மாவட்டத்தின் சீனிவாசப்பூர்த் தோப்புகளில் மாங்காய் தொங்கும். வினிகரைப் பாதியாகக் குறைத்து, தோல் சீவிய மாங்காய் 50 கிராம் துருவிச் சேர்த்து அரைத்தால் புளிப்பு இன்னும் மணமாக வரும். கிளிமூக்கு மாங்காய் அதற்கு ஏற்றது, நாரும் புளிப்பும் மட்டாக இருக்கும். கிஸ்மிஸுக்குப் பதில் பேரீச்சம்பழம் போடுகிறவர்கள் சர்க்கரையை அறவே விட்டுவிட வேண்டும். நிறம் பழுப்பாவதையும் ஏற்றுக்கொள்ள வேண்டும்.

மிஞ்சியதை ஈரமில்லாத கண்ணாடிக் குப்பியில் அடைத்துக் குளிர்பெட்டியில் வைத்தால் மூன்று நாள், மிஞ்சினால் நான்கு நாள் நன்றாக இருக்கும். எடுக்கும் கரண்டி ஒவ்வொரு முறையும் உலர்ந்திருக்க வேண்டும். மேலே நுரை கட்டினாலோ வாசம் மாறினாலோ கொட்டிவிட வேண்டும். பெரும்பாலும் அதுவரை தங்குவதில்லை. மறுநாள் காலை வெண்ணெய் தடவிய ரொட்டியில் இதை மெல்லப் பூசி, முந்தின நாள் மிஞ்சிய சால்ட் பீஃபை (உப்பிட்ட மாட்டிறைச்சி) ஒல்லியாக அரிந்து நடுவில் வைத்தால் அதுவே காலைச் சாப்பாடு.