டெக்சாஸில் பன்றி வேட்டை பழகும் தம்பிக்கு



எந்த ரைஃபிள், எந்த ஸ்கோப், எவ்வளவு தூரத்தில் சுடலாம் என்றெல்லாம் கேட்டிருந்தாய். அதற்குச் சுருக்கமாகப் பதில் சொல்லிவிடலாம். நீ கேட்காமல் விட்டதுதான் எனக்குப் பெரிதாகப் படுகிறது: சுட்ட பன்றியை என்ன செய்யப் போகிறாய்? இங்கே பலர் சுடுகிறார்கள், பக்கத்தில் உட்கார்ந்து படம் எடுத்துக்கொள்கிறார்கள், கழுகு தின்னட்டும் என்று போட்டுவிட்டுப் போகிறார்கள். சட்டம் அதைக் கேட்பதில்லை. ஆனால் எனக்கு மனம் ஒப்பவில்லை. உன்னைப் போலப் புதிதாக இறங்கும் நம் மற்றப் பிள்ளைகளும் படிக்கட்டும் என்றுதான் இதைப் பொதுவில் எழுதுகிறேன்.

முதலில் உரிமம். 2019 செப்டம்பர் 1 முதல் டெக்சாஸில் தனியார் நிலத்தில், நிலத்துக்காரர் அனுமதியோடு காட்டுப்பன்றி சுட வேட்டை உரிமம் தேவையில்லை. இதைக் கேட்டுவிட்டு நம்மவர்கள் சிலர் உரிமம் எடுப்பதையே விட்டுவிடுகிறார்கள். நீ எச்1பி விசாவில் இருக்கிறாய். உன் போன்றவர்கள் துப்பாக்கி வைத்திருப்பதை அமெரிக்க மத்தியச் சட்டம் தடை செய்கிறது. அதற்குள்ள சில விலக்குகளில் ஒன்று, செல்லுபடியாகும் வேட்டை உரிமம். பன்றிக்கு வேண்டாம், உனக்கு வேண்டும். வருடா வருடம் புதுப்பித்து, சட்டைப்பையில் வைத்துக்கொள்.

சுடுவதைப் பற்றி ஒன்றுதான் சொல்வேன். மான் சுட்டுப் பழகியவர்கள் முன்னங்காலுக்குச் சற்றுப் பின்னால் குறி வைப்பார்கள். பன்றிக்கு இதயமும் நுரையீரலும் அதைவிட முன்னால், அதைவிடத் தாழ்வாக இருக்கின்றன. மான் கணக்கில் சுட்டால் குண்டு குடலில் இறங்கும். அது புதருக்குள் ஓடி மணிக்கணக்கில் வதைபட்டுச் சாகும். நீ கண்டுபிடிக்கும்போது கறியும் போயிருக்கும். தோளுக்கு நேராக, உடம்பின் கீழ்ப்பாதியில் குறி வை. அது நிச்சயமில்லை என்றால் சுடாமல் திரும்பி வா. பன்றிக்குக் கண் மந்தம், மூக்கு கூர்மை; காற்று உன் முகத்தில் அடிக்கும்படி நின்றால் கிட்டத்தில் வரும்வரை காத்திருக்கலாம்.

எதைச் சுடுவது என்பதைச் சமையலறையில் நின்று யோசி. கூட்டத்தில் கண்ணுக்கு முதலில் படுவது பெரிய ஆண்பன்றி. கறிக்கு அது வேண்டாம். முப்பது நாற்பது கிலோ எடையுள்ள இளம் பெண்பன்றியைப் பார். பால் கொடுப்பதாக இருந்தால் விட்டுவிடு, உடம்பு வற்றிப்போயிருக்கும். வயதான ஆண்பன்றியின் தோளை உரித்துப் பார்த்தால் புரியும்: தோலுக்கு அடியில் விரல்கடை மொத்தத்தில் வெளுத்த, குருத்தெலும்பு போன்ற ஒரு கவசம் இருக்கும். ஆண்பன்றிகள் தமக்குள் தந்தத்தால் குத்திக்கொள்ளும்போது காக்க அது. கத்தி அதில் வழுக்கும், முனை மழுங்கும், நெடுநேரம் போராடிக் கிடைக்கும் கறியிலும் நாற்றம் இருக்கலாம். அந்த நாற்றத்துக்குக் காரணமான ஆண்ட்ரோஸ்டீனோன், ஸ்கேட்டோல் இரண்டும் கொழுப்பில்தான் தங்குகின்றன. ஆகவே ஆண்பன்றி கிடைத்துவிட்டால் ஒரு துண்டுக் கொழுப்பை வெட்டி, எண்ணெய் விடாமல் சட்டியில் வாட்டி முகர்ந்து பார். மூத்திர வாடை அடித்தால் கொழுப்பு முழுவதையும் வழித்து எடுத்துவிட்டு மீண்டும் பார். அடிக்கவில்லை என்றால் தயங்காமல் சமைக்கலாம். ஆண்பன்றி எல்லாமே நாறும் என்று இங்கே பலர் சொல்வது உண்மையல்ல.

இனி அறுப்பது. இதற்குத்தான் இந்தக் கடிதமே. பன்றி விழுந்த நொடியிலிருந்து நேரம் உனக்கு எதிராக ஓடுகிறது. தடித்த தோலும் அடியிலுள்ள கொழுப்பும் உடம்புச் சூட்டை வெளியே விடாது. டெக்சாஸ் வெயிலில் தொடை எலும்பை ஒட்டிய கறிதான் முதலில் புளித்துப்போகும், வெளியிலிருந்து பார்த்தால் தெரியாது. ஐஸ் பெட்டியை நிரப்பி வண்டியில் வைத்துவிட்டுத்தான் காட்டுக்குப் போக வேண்டும். வயிற்றைத் திறக்காமலே அறுக்கலாம்: ஒரு பக்கமாகப் படுக்கவைத்து முதுகுத்தண்டை ஒட்டித் தோலைக் கீறி உரித்து, முன்சப்பையையும் பின்தொடையையும் மூட்டோடு கழற்றி, முதுகுத்தண்டின் இரு பக்கமும் நீளமாக ஓடும் கறியை எலும்பை உரசினாற்போல எடுத்துவிடு. பிறகு புரட்டிப்போட்டு மறு பக்கம். குடல் கிழியாது, உன் கையில் படும் ரத்தமும் குறையும். கறியை ஐஸ் தண்ணீரில் ஊறவிடாதே. உருகும் நீரை வடித்துக்கொண்டே இரு.

ரத்தம் படுவதைச் சாதாரணமாகச் சொல்லவில்லை. இந்தப் பன்றிகளில் புரூசெல்லா சூயிஸ் என்ற கிருமி உண்டு. கையில் ஒரு சின்னக் கீறல் போதும், தெறித்த துளி கண்ணில் பட்டாலும் போதும். விட்டுவிட்டு வரும் காய்ச்சல், இரவு வியர்வை, மூட்டுவலி என்று மாதக்கணக்கில் இழுக்கும். பன்றி பார்ப்பதற்குத் திடகாத்திரமாக இருக்கும், நோய் தெரியாது. நைட்ரைல் கையுறை, கண்ணாடி இரண்டும் இல்லாமல் கத்தியைத் தொடாதே. கழிவைப் பச்சையாக நாய்க்குப் போடாதே. பன்றிகளிடமுள்ள சூடோரேபிஸ் நாய்க்குத் தொற்றினால் பிழைக்காது. அறுத்துச் சில வாரம் கழித்துக் காய்ச்சல் வந்தால் மருத்துவரிடம் முதல் வாக்கியமாகப் பன்றி அறுத்ததைச் சொல். நீ சொல்லாவிட்டால் அவருக்கு அது தோன்றாது. இன்னொன்று: வார்ஃபரின் கலந்த பன்றித் தீனிக்கு 2024 முதல் டெக்சாஸில் அனுமதி உண்டு. அதைத் தின்ற பன்றியின் கொழுப்பு நீலமாக இருக்கும். நீலம் கண்டால் அந்தக் கறி வேண்டாம்.

பண்ணைக்காரரைக் காப்பாற்றப் போகிறேன் என்று எழுதியிருக்கிறாய். அவர் படும்பாடு நிஜம். சோளம் விதைத்த மறுநாள் காலை போய்ப் பார். விதை போட்ட வரிசையை விட்டு விலகாமல், மூக்கால் உழுதுகொண்டே போய் ஒவ்வொரு விதையாகத் தின்றிருக்கும். ஸ்பானியர் காலத்தில் வந்த வீட்டுப் பன்றிகளின் வம்சம், 1930களில் வேட்டைக்கென்று கொண்டுவந்து விடப்பட்ட ஐரோப்பியக் காட்டுப்பன்றியோடு கலந்து, இன்று 254 கவுண்டிகளில் 253இல் பரவியிருக்கிறது. டெக்சாஸில் மட்டும் 26 லட்சம் இருக்கும் என்பது பரவலான மதிப்பீடு. தொகை ஏறாமல் இருக்கவே வருடத்துக்கு மூன்றில் இரண்டு பங்கை அகற்ற வேண்டும். நீ ஒன்றைச் சுட்டால் மற்றவை சிதறி, துப்பாக்கியைப் புரிந்துகொண்டு, இரவில் மட்டும் வரப் பழகும். கூட்டத்தை மொத்தமாகப் பட்டியில் அடைப்பதுதான் வேலைக்கு ஆகும். இதை உணர்ந்துதான் மிசௌரி மாநில வனவிலங்குத் துறை 2016இல் தன் நிலங்களில் பன்றி வேட்டையையே தடை செய்தது. உன் பண்ணைக்காரர் பட்டி போட்டிருந்தால் அந்தப் பக்கம் சுடாதே. டெக்சாஸில் 2011இல் வந்த சட்டத்தால் பணம் கட்டி ஹெலிகாப்டரிலிருந்து சுடுகிறார்கள். அதைப் பயிர்க் காவல் என்று சொல்லலாம், வேட்டை என்று நான் சொல்ல மாட்டேன். நீ போவது கறிக்காக. அதை வெளிப்படையாகச் சொல்வதில் வெட்கம் ஒன்றும் இல்லை.

அந்தக் கறியை விற்க முடியாது. உணவகத்தில் வரும் காட்டுப்பன்றி, உயிரோடு பிடிபட்டு அரசு ஆய்வாளர் பார்வையில் அறுக்கப்பட்டது. நீ சுட்டது உன் வீட்டுக்கும் நண்பர்களுக்கும்தான்.

ஊருக்குப் போகும்போது இந்தப் பழக்கத்தை இங்கேயே விட்டுவிட்டுப் போ. அங்கே காட்டுப்பன்றி 1972ஆம் ஆண்டு வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்துக்குள் வருகிறது. கேரளத்தில் பயிரை அழிக்கும் பன்றியை அனுமதியோடு சுட்டாலும் புதைத்துவிட வேண்டும், உண்ணக் கூடாது. பன்றிக்கு வைக்கும் அவுட்டுக்காய் என்ற வெடியைக் கடித்து வாய் சிதறிச் செத்த யானைகளை நினைத்தால், அந்தக் கண்டிப்பு சரியென்றே சொல்வேன்.

சமையலுக்கு வருவோம். மசாலாவுக்கு முன்னால் ஒரு வெப்பமானி வாங்கு. கறியின் நடுவில் 71 டிகிரி செல்சியஸ் ஏற வேண்டும். உறையவைத்தாலும் புரூசெல்லா சாகாது. வீட்டில் உப்புக்கண்டம் போடுவதையும் நம்பாதே. பண்ணைப் பன்றியின் கொழுப்பு இதில் இல்லாததால் முதுகுக்கறியை அதிகம் வேகவிட்டால் நாராகிவிடும். 71ஐத் தொட்டதும் இறக்கு. முன்சப்பைக்கு நேரம் கொடு. என்னைக் கேட்டால் அதற்குக் குடகு முறைதான் சரி: மிளகு, மல்லி, சீரகம், கடுகைக் கருக வறுத்துப் பொடித்துப் போட்டு, மெதுவாக வேகவைத்து, இறக்கும் நேரத்தில் கச்சம்புளி என்ற புளிச்சாற்றை ஊற்றுவார்கள். தலைமுறை தலைமுறையாகக் காட்டுப்பன்றி சமைத்தவர்களின் கைப்பக்குவம் அது. கச்சம்புளி கிடைக்காவிட்டால் கொடம்புளியைக் கரைத்து ஊற்று.

கறியில் முதலில் நிலத்துக்காரருக்கு ஒரு தொடை கொடு. அவர் வேண்டாம் என்றாலும் கேட்டுவிட்டு எடுத்து வா. மீதியைத் தேதி எழுதிப் பொட்டலம் கட்டி உறைபெட்டியில் வை. கடைசிப் பொட்டலம் தீரும்வரை அடுத்த பன்றிக்குப் போகாதே, தம்பி.

அன்புடன்,
உன் அண்ணன்