நடையும் மனசும் – குழுக் கூட்டப் பாடம்



சிவகாசி, சாத்தூர் பக்கம் பட்டாசு, தீப்பெட்டி வேலைக்குப் போகும் நம்மில் பலர் காலையில் உட்கார்ந்தால் சாயங்காலம்தான் எழுந்திருக்கிறோம். கை ஓயாது, கால் மடங்கியே கிடக்கும். வீட்டுக்கு வந்தால் இடுப்பு வலி, தூக்கமின்மை, பிள்ளைகள் மேல் எரிச்சல். 'உடம்பு அலுப்பு' என்று விட்டுவிடுகிறோம். உடம்பு அசைந்தால் மனசும் லேசாகும். வாரம் 150 நிமிடமாவது மிதமான உடற்பயிற்சி வேண்டும் என்கிறது உலக சுகாதார நிறுவனம். தினம் 30 நிமிடம், 5 நாள் நடந்தால் போதும்.

மத்திய அரசு 2021-ல் வெளியிட்ட 'ஃபிட் இந்தியா' செயலி நாம் நடக்கும் அடிகளை எண்ணும். ஆனால் பட்டாசு ஆலைக்குள் செல்போன் கொண்டுபோகக் கூடாது. அதனால் ஆலைக்குள் நடப்பது அதில் ஏறாது. மனசையும் அது எண்ணாது. அதை நாம்தான் எழுத வேண்டும்.

செய்ய வேண்டியவை:

1. வேலைக்கு முன்போ பின்போ துணையோடு நடங்க. 10 நிமிடமாகப் பிரித்தும் நடக்கலாம்.

2. ராத்திரி நோட்டில் இரண்டு கட்டம் போடுங்க. ஒன்றில் நடந்த அடி. மற்றதில் மனசு: நல்லா இருக்கு, சுமார், பாரம். செல்போன் இல்லாதவர் நிமிடத்தை எழுதினால் போதும்.

3. 4 வாரம் கழித்து நடந்த நாளையும் நடக்காத நாளையும் ஒப்பிட்டுப் பாருங்க.

4. நோட்டு உங்களுக்கு மட்டும். விருப்பப்பட்டால் கூட்டத்தில் சொல்லலாம். யாரையும் வற்புறுத்தக் கூடாது.

நடை கடனை அடைக்காது, வெடிவிபத்து பயத்தையும் போக்காது. இரண்டு வாரமாக மனசு பாரமாகவே இருந்தால் 14416-க்குப் பேசுங்க. இது அரசின் 'டெலி மானஸ்' சேவை. இலவசம், 24 மணி நேரமும் உண்டு. பேசுவதில் வெட்கம் இல்லை.

கூட்டத்தில் பேச: இந்த வாரம் யார் யாரோடு நடப்பது?