ஒரு துணுக்கு போதாது, அம்மணி

அன்புள்ள அம்மணி,

பயாப்சி ரிப்போர்ட் ‘நார்மல்’ என்று வந்துவிட்டால் நிம்மதியாக ஃபைலை மூடிவிடலாம்தானே என்று கேட்டிருந்தாய். அவ்வளவு சீக்கிரம் மூடாதே. நோயியல் மருத்துவர் பார்ப்பது, கருப்பை வாயிலிருந்து நீ கிள்ளி அனுப்பிய அரிசி மணியளவு சதையை மட்டும்தான். நீ கிள்ளாமல் விட்ட இடத்தைப் பற்றி அவர் என்ன சொல்ல முடியும்?

2015-ல் வெளியான அமெரிக்க ஆய்வு ஒன்றில் 690 பெண்களுக்குப் பல இடங்களில் துணுக்கு எடுத்துப் பார்த்தார்கள். ஒன்றோடு நிறுத்தியிருந்தால், தீவிர முன்புற்று மாற்றங்களில் சுமார் 61 சதவீதம்தான் பிடிபட்டிருக்கும். இரண்டில் 86, மூன்றில் 96.

ஆகவே அசிட்டிக் அமிலம் தடவியதும் ஒரு முழு நிமிடம் பொறு. சந்தேகமான இடத்தில் வெள்ளை மெல்லத்தான் ஏறும். அடர்ந்து, ஓரம் தெளிவாக, கருப்பை வாயின் இரு வகைச் செல்களும் சந்திக்கும் எல்லையை ஒட்டி நிற்கும் வெள்ளையில் முதல் துணுக்கை எடு. பிறகு வெளுத்திருக்கும் மற்ற இடங்களுக்குப் போ. மாதவிடாய் நின்றவர்களுக்கு அந்த எல்லை உள்ளே ஏறியிருக்கும். அப்போது உட்கால்வாயையும் சுரண்டி அனுப்பு. எந்தத் துணுக்கு எத்தனை மணித் திசையில் எடுத்தது என்று படிவத்தில் எழுது.

இத்தனையையும் ஒரே வருகையில் முடிக்கவும் முடியும். நம் பழனிக்குக் கிழக்கே, ஒட்டன்சத்திரம் பக்கத்து அம்பிளிக்கையை மையமாக வைத்து, திண்டுக்கல் மாவட்டத்தில் 2000-ல் ஓர் ஆய்வு தொடங்கியது. பயிற்சி பெற்ற செவிலியர்கள் அமிலம் தடவிப் பார்த்தார்கள். வெளுத்தவர்களுக்கு அன்றே கால்போஸ்கோப்பி (உருப்பெருக்கி வழிப் பரிசோதனை), பயாப்சி, தேவையானவர்களுக்கு உறைசிகிச்சையும். 2007-ல் லான்செட்டில் முடிவு வந்தது: கருப்பை வாய்ப் புற்று 25 சதவீதமும், அதனால் வரும் சாவு 35 சதவீதமும் குறைந்திருந்தன. வந்த பெண்ணை அன்றே முழுதாகப் பார்த்து அனுப்பிய அந்த ஏற்பாட்டை நான் மிகவும் மதிக்கிறேன். திருப்பூர் பனியன் கம்பெனியில் ஷிப்டை விட்டுவிட்டு உன்னிடம் வருகிறவருக்கு இன்னொரு நாள் கூலியை இழப்பது லேசான காரியமில்லை.

நோயைத் தவறவிடுவது ஒரு பக்கம் என்றால், இல்லாத நோயை இருப்பதாகப் படிப்பது மறுபக்கம். அழற்சியும் முதிராத செல் மாற்றமும் முன்புற்று போலவே தோன்றும். சிஐஎன் 2 எனப்படும் நடுத்தர முன்புற்று மாற்றத்தில் நிபுணர்களே பல நேரம் ஒத்துப்போவதில்லை. குழந்தை பெறவேண்டிய பெண்ணுக்கு லூப் கருவியால் சதையை வெட்டி எடுக்குமுன் நோயியல் மருத்துவரைப் போனில் கூப்பிடு, பி16 சாயம் போட்டுப் பார்க்கச் சொல்.

பாப் ஸ்மியர் தீவிரம் என்கிறது, பயாப்சி ஒன்றுமில்லை என்கிறது என்றால், இரண்டு ஸ்லைடையும் மறுபடி பார்க்கச் சொல். “எல்லாம் நல்லா இருக்குதுங்களா டாக்டரம்மா?” என்று வந்த பெண் கேட்டால், “இன்னும் ஒரு தடவை பார்க்கணுங்க” என்று சொல்லத் தயங்காதே. அவர் நம்பரோடு வீட்டில் இன்னொருவர் நம்பரையும் வாங்கி வை.

அன்புடன்,
உன் அக்கா