பட்டினத்தில் ஒரு கடைசல் மெஷின்

லேத் வாங்கப் போகிறேன் என்று காரைக்கால் பக்கம் யாரிடம் சொன்னாலும் இரும்பு லேத் பட்டறைக்குத்தான் வழி காட்டுவார்கள். மரம் கடைய அது ஆகாது. பழைய இரும்பு லேத்தின் வேகம் மரத்துக்குப் போதாது. உளியைக் கையில் பிடித்து நகர்த்துவதற்கான டூல் ரெஸ்ட்டும் அதில் இருக்காது. எடைக்கு எடை மலிவாக வருகிறதே என்று தூக்கி வந்துவிடாதீர்கள்.

நான் மெஷின் வாங்குமுன், நாகஸ்வரம் கடையும் நரசிங்கம்பேட்டைக்குப் போய்வந்தேன். நாகஸ்வர வித்வான் டி.என்.ராஜரத்தினம் பிள்ளைக்காக ரங்கநாதன் ஆசாரி பாரி என்னும் நீளமான நாயனம் செய்த ஊர். 2022இல் அங்கத்து நாகஸ்வரத்துக்குப் புவிசார் குறியீடும் கிடைத்தது. பழைய வீடுகளைப் பிரிக்கும்போது வரும் ஆச்சா மரத்தைத்தான் தேடி வாங்குகிறார்கள். பல வருஷம் உத்தரமாகக் கிடந்து காய்ந்த மரம் இனி வெடிக்காது, கோணாது. நான் மோட்டார் எத்தனை குதிரைத்திறன் என்று விசாரித்துக்கொண்டிருந்தேன். அங்கிருந்த பெரியவர், "மிஷின யாரு வேணாலும் வாங்கிடலாம் தம்பி. சாணை புடிக்கத் தெரியுமா?" என்றார்.

என் பட்ஜெட்டை மாற்றியது அந்தக் கேள்விதான். கையில் இருக்கும் பணத்தில் பாதியை மெஷினுக்கு ஒதுக்குங்கள். மீதி உளிகளுக்கும், எட்டு அங்குலச் சாணை மெஷினுக்கும், மரத்தைக் கவ்விப் பிடிக்கும் நாலு தாடைச் சக்குக்கும், முகத்தை முழுக்க மூடும் கவசத்துக்கும். கவசத்தில் மட்டும் கஞ்சத்தனம் வேண்டாம்.

மெஷினில் பார்க்க வேண்டியவை சிலதான். ஸ்விங் 12 அங்குலம் என்றால், அடித்தளமான பெட்டுக்கு மேல் அந்த விட்டம்வரை மரம் சுற்றும். ஆரம்பத்துக்கு அது தாராளம். மரத்தைச் சுழற்றும் அச்சான ஸ்பின்டிலின் மரை 1 அங்குலம் 8 டிபிஐ (அங்குலத்துக்கு 8 மரை) அல்லது எம்33 ஆக இருந்தால் சக் எளிதில் கிடைக்கும். கூர்முனைகளைச் செருகும் கூம்புத் துளை இரு பக்கமும் மோர்ஸ் டேப்பர் 2 ஆக இருக்கட்டும். பழைய மெஷின் என்றால் மரத்தின் மறுமுனையைத் தாங்கும் டெயில் ஸ்டாக்கை நகர்த்தி வந்து இரண்டு பக்கத்துக் கூர்முனைகளையும் எதிரெதிரே வைத்துப் பாருங்கள். முனையும் முனையும் நேராகச் சந்திக்காவிட்டால் பேரம் பேசவே வேண்டாம். பிறகு ஸ்பின்டிலைப் பிடித்து மேலும் கீழும் ஆட்டுங்கள். 'லொடக்' என்றால் பேரிங் போச்சு.

மெஷின் கனமாக இருக்க வேண்டும். கனமில்லாவிட்டால் மேசையின் கீழ்த்தட்டில் மணல் மூட்டை அடுக்கலாம். கடற்கரை மணலை அள்ளாதீர்கள், உப்பு. ஏற்கெனவே இந்த ஊர்க் காற்றில் வார்ப்பிரும்பு பெட் துருவேறத் துடித்துக்கொண்டிருக்கிறது. ஈர மரச்சுருளை ஒரு ராத்திரி பெட்டில் விட்டால் காலையில் கறை தெரியும். வேலை முடிந்ததும் துடைத்து மெழுகு பூசுவதை ஐப்பசி, கார்த்திகையில் ஒருநாளும் தள்ளிப்போடக் கூடாது. காளமேகப் புலவர் மண்மாரி பொழியச் சபித்த ஊர் என்று எங்கள் திருமலைராயன்பட்டினத்தைப் பற்றிக் கதை சொல்வார்கள். என் கொட்டகையில் தினமும் மரத்தூள் மாரி.

கிண்ணம் செய்யும் ஆசையில்தான் எல்லோரும் லேத் வாங்குகிறோம். முதலில் பம்பரம், மத்து, பூரிக்கட்டை செய்யுங்கள். இரண்டு முனைக்கு நடுவே நீளவாக்கில் மாட்டிய கட்டையில்தான் உளி பழகும். டூல் ரெஸ்ட்டை மரத்தை ஒட்டி வையுங்கள். கையால் ஒரு சுற்று சுற்றி, எங்கும் இடிக்கவில்லை என்று பார்த்தபின் சுவிட்சைப் போடுங்கள். போடும்போது மரத்துக்கு நேரே நிற்காமல் ஒதுங்கி நில்லுங்கள். உளி முதலில் ரெஸ்ட்டில் உட்கார வேண்டும். அடுத்து அதன் சரிவுப் பகுதி மரத்தைத் தொட்டு உரசட்டும், வெட்டு விழாது. இனிப் பிடியை மெல்ல உயர்த்தினால் கூர் தானாக மரத்தில் இறங்கும். தூள் கொட்டினால் உளி மழுங்கிவிட்டது, சாணைக்குப் போங்கள். நீளநீளமாகச் சுருள் வந்தால் சரி. பருமனான கட்டையை உருட்டையாக்கும் அகல உளியைக் கிண்ணத்துக்குள் ஒருபோதும் விடக் கூடாது. சிக்கினால் உளியே முறிந்து பறக்கும்.

வேகத்துக்கு ஒரு கணக்கு உண்டு. விட்டத்தை அங்குலத்தில் எடுத்து ஆர்பிஎம்மால் பெருக்கினால் 6000க்கும் 9000க்கும் நடுவே வர வேண்டும். ஆறு அங்குலக் கிண்ணத்துக்கு 1000 முதல் 1500. கோணல்மாணலான கட்டையை இருப்பதிலேயே குறைந்த வேகத்தில் தொடங்குங்கள். வேட்டி, துண்டு, முழுக்கைச் சட்டை, கையுறை எதுவும் மெஷின் பக்கம் வரக் கூடாது.

மரத்துக்கு நமக்குப் பஞ்சமில்லை. 2018 நவம்பரில் கஜா புயல் சாய்த்த மரங்கள் கண்ணெதிரே விறகாகப் போனதைப் பார்த்தவர்கள் நாம். வேம்பு, வாகை, புளி எல்லாமே கடையலாம். என் ஓட்டு பூவரசுக்கு. வெளிறு இளமஞ்சள், வைரம் பாய்ந்த உட்பகுதியோ கருஞ்சிவப்பு. ஒரே கிண்ணத்தில் இரண்டு நிறமும் விழும்போது சாயமே தேவையில்லை. சின்ன வயதில் இலையைச் சுருட்டிப் பீப்பீ ஊதிய அதே மரத்தை ஹவாய்த் தீவுக்காரர்கள் மிலோ என்று அழைத்து, காலங்காலமாக உணவுக் கிண்ணம் செய்திருக்கிறார்கள். சாப்பாட்டில் அதன் வாடை இறங்காது. பச்சை மரமாகவே கடையலாம். பத்து அங்குலக் கிண்ணத்துக்கு ஒரு அங்குலச் சுவர் விட்டு முதல் கடைசலை முடித்து, மெழுகு பூசி, காற்றோட்டமான நிழலில் சில மாதம் வையுங்கள். கோணி முடிந்தபின் மறுபடி மாட்டி மெலிதாக்குங்கள்.

தில்லை மரத்தைத் தொடாதீர்கள். அதன் பால் கண்ணைக் கெடுக்கும். அரளியும் வேண்டாம்.

பூச்சுக்குத் தேங்காய் எண்ணெய் ஆகாது. காயாது, சிக்கு வாடை அடிக்கும். ஆளிவிதை எண்ணெய் காயும். பொம்மை, பம்பரத்துக்குக் கர்நாடகத்துச் சன்னபட்னாக்காரர்கள் சுழலும் மரத்தில் அரக்குக் குச்சியை அழுத்துகிறார்கள். உரசும் சூட்டில் அரக்கு உருகி ஒட்டுகிறது. அதைத் தாழை மடலால் இழைத்து மினுக்குகிறார்கள். தாழையைத் தேடி நாம் வெகுதூரம் போக வேண்டியதில்லை.

பட்டினத்திலோ நாகூரிலோ வீட்டுப் பூவரசை வெட்டுகிறவர்களுக்கு ஒரு வேண்டுகோள்: விறகுக்கடைக்குச் சொல்லியனுப்புமுன் அக்கம்பக்கத்தில் மரம் கடைகிறவர் யாராவது இருக்கிறாரா என்று கேளுங்கள். அடிமரத்தில் இரண்டடி கொடுத்தால் போதும்.